தசைக் களைப்பும் மீட்சியும்: கொழும்பில் தொடர்ந்து ஓடுபவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

ஞாயிற்றுக்கிழமை அதிகாலை வெள்ளவத்தையிலிருந்து மரைன் டிரைவ் வழியே காலிமுகத்திடல் வரை ஓடித் திரும்பும் ஒருவர், திங்கட்கிழமை காலை அடுக்குமாடிப் படிக்கட்டில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு பக்கவாட்டாக இறங்குகிறார். புதன்கிழமை நோவு தணிந்ததும், தவறிய தூரத்தை ஈடுசெய்ய நினைத்து வேகமாக ஓடுகிறார். வெள்ளிக்கிழமை கால் கனக்கிறது, மூச்சு வழக்கத்தைவிட முன்னதாகவே வாங்குகிறது, கைக்கடிகாரம் காட்டும் வேகமோ போன மாதத்தைவிடக் குறைவாக இருக்கிறது. இந்தச் சுழலில் நானும் ஏறக்குறைய இரண்டு வருடம் சிக்கியிருந்தேன். எல்லாக் களைப்பையும் ஒரே களைப்பாக எண்ணி, எல்லாவற்றுக்கும் ஒருநாள் ஓய்வு, கொஞ்சம் தைலம் என்று ஒரே வைத்தியத்தைச் செய்துவந்ததே என் தவறு.

இந்த வழிகாட்டி, வாரத்தில் மூன்று முதல் ஆறு நாட்கள் வரை ஓடும், பெரிய நோய் எதுவும் இல்லாத வளர்ந்தவர்களுக்காக எழுதப்படுகிறது. நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், இருதய நோய், சிறுநீரக நோய் ஆகியவற்றில் எதுவும் உள்ளவர்கள், இங்கே சொல்லப்படும் நீர், உப்பு, உணவு அளவுகளைத் தங்கள் வைத்தியரிடம் கேட்டறிந்த பின்னரே பின்பற்ற வேண்டும்.

படி 1: எந்தக் களைப்பு என்று பிரித்தறியுங்கள்

ஓடுபவரின் களைப்பு குறைந்தது நான்கு வழிகளில் வருகிறது. அவை பெரும்பாலும் ஒன்றோடொன்று கலந்தே வரும் என்றாலும், அன்றைக்கு எது மேலோங்கி நிற்கிறது என்று தெரிந்தால்தான் அதற்குரிய மருந்தைத் தேட முடியும்.

முதலாவது, எரிபொருள் தீர்ந்துபோவது. சோறு, பாண், இடியப்பம் ஆகியவற்றிலிருந்து கிடைக்கும் மாச்சத்து, தசையிலும் ஈரலிலும் கிளைக்கோஜன் என்ற வடிவில் சேமிக்கப்படுகிறது. ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் ஓடினாலும், குறைவாகச் சாப்பிட்டுக்கொண்டு நாள்தோறும் ஓடினாலும் இந்தச் சேமிப்பு வற்றிவிடும். அப்போது தசையில் நோவு இருக்காது. கால்களில் ஒரு வெறுமை இருக்கும், சின்ன விடயத்துக்கும் எரிச்சல் வரும். 1966-இல் பெர்க்ஸ்ட்ரோம், ஹுல்ட்மன் என்ற இரு சுவீடன் ஆய்வாளர்கள் ஒற்றைக் காலால் மட்டும் சைக்கிள் மிதித்துவிட்டு, மாச்சத்து நிறைந்த உணவைச் சில நாட்கள் உண்டு, தொடைத் தசையிலிருந்து ஊசியால் எடுத்த சிறு துணுக்குகளைப் பரிசோதித்தார்கள். உழைத்த காலில் கிளைக்கோஜன், ஓய்ந்திருந்த காலைவிட மிக அதிகமாகச் சேர்ந்திருந்தது. உழைத்த தசை உணவுக்காகக் காத்திருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இரண்டாவது, தசை இழைகளில் ஏற்படும் நுண்ணிய சிதைவு. ஓடிய அன்று பெரிதாக ஒன்றும் தெரியாது; நோவு மறுநாள் தொடங்கி, 24 முதல் 72 மணித்தியாலங்களுக்குள் உச்சத்தைத் தொட்டு, பின்னர் தானாகவே அடங்கும். இதற்கு லாக்டிக் அமிலம் தேங்கி நிற்பதே காரணம் என்று இன்றும் பலர் சொல்கிறார்கள். ஓடும்போது இரத்தத்தில் கூடும் லாக்டேட் (உடலில் லாக்டிக் அமிலம் இருக்கும் வடிவம்), ஓடி முடித்து ஒரு மணித்தியாலம் அளவில் பழைய நிலைக்கு வந்துவிடுகிறது. ஆகவே செவ்வாய்க்கிழமை நோவுக்கு ஞாயிற்றுக்கிழமை லாக்டேட்டைக் குற்றஞ்சாட்ட வழியில்லை. இந்தப் பிந்திய நோவு தசைக்குள் நிகழும் கிழிவுகளால் வருகிறது என்று 1902-லேயே தியடோர் ஹஃப் என்ற அமெரிக்க உடலியலாளர் எழுதிவிட்டார்.

தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்கும்போதுதான், அதாவது இறக்கத்தில் ஓடும்போதும் படியிறங்கும்போதும், இந்தச் சிதைவு அதிகம். கொழும்பு தட்டையான நகரம். கடற்கரையோரம் பல மாதங்கள் ஓடிப் பழகிய ஒருவர், விடுமுறைக்கு நுவரெலியாவுக்குப் போய் மலைச்சரிவில் பத்துக் கிலோமீற்றர் இறங்கி ஓடினால், அவருடைய மூச்சு தாங்கும், தொடை தாங்காது. ஆனால் அதே சரிவில் இரண்டு மூன்று வாரங்கள் கழித்து மீண்டும் ஓடும்போது நோவு வெகுவாகக் குறைந்திருக்கும், ஏனெனில் தசை முதல் அடியை நினைவில் வைத்துத் தன்னை உறுதியாக்கிக்கொள்கிறது.

மூன்றாவது வெப்பமும் நீரிழப்பும். கொழும்பில் இதுவே பெரும்பங்கு வகிப்பதால் அடுத்த படி முழுவதையும் அதற்கு ஒதுக்கியிருக்கிறேன். நான்காவது, நாட்கணக்கில் சேரும் களைப்பு. நித்திரைக் குறைவு, வேலைப்பளு, வீட்டுக் கவலை, தொடர்ச்சியான கடும் பயிற்சி எல்லாம் சேர்ந்து வரும் இது, ஒரு குறிப்பிட்ட தசையில் தங்குவதில்லை. காலையில் எழும்போதே நாடித்துடிப்பு கூடியிருப்பதும், ஓடப் பிடிக்காமல் போவதும், படுத்தாலும் நித்திரை வராததும் இதன் அடையாளங்கள்.

ஓர் எளிய சோதனை உண்டு. கதிரையில் அமர்ந்து, பெருவிரலால் தொடையின் முன்புறத்தையும் கெண்டைக்காலையும் மெதுவாக அழுத்திப் பாருங்கள். இரண்டு கால்களிலும் ஒரே அளவில், பரவலாக நோவிருந்தால் அது இரண்டாவது வகை. அழுத்தினால் நோவில்லை, எழுந்து நடந்தால் மட்டும் கால் கனக்கிறது என்றால் முதலாவதோ நான்காவதோ. ஒரு காலில், ஒரே புள்ளியில், எலும்பின் மேல் சுருக்கென்று குத்தினால் அது களைப்பே அன்று. கடைசிப் படிக்குப் போய் வாசியுங்கள்.

படி 2: கொழும்பின் வெப்பத்தைக் கணக்கில் எடுங்கள்

வெளியூர்ப் பயிற்சி அட்டவணைகள் இங்கே பிழைத்துப்போவது இந்த இடத்தில்தான். கொழும்பில் விடியற்காலை ஐந்து மணிக்கும் வெப்பநிலை 25 பாகை செல்சியஸ் அளவில் இருக்கும். ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டியிருக்கும். வியர்வை ஆவியாகும்போதுதான் உடல் குளிரும். காற்றே ஈரத்தால் நிறைந்திருக்கும்போது வியர்வை ஆவியாகாமல் முழங்கையிலிருந்து சொட்டிக்கொண்டிருக்கும், உடற்சூடோ ஏறிக்கொண்டே போகும். தோலைக் குளிர்விக்க இரத்தத்தின் ஒரு பங்கு தோலுக்குத் திருப்பப்படுவதால், அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாக உழைக்கிறது. எனவே மார்ச், ஏப்ரல் மாதங்களில் உங்கள் வேகம் குறைந்தால் உங்கள் உடற்தகுதி குறைந்துவிட்டது என்று கலங்க வேண்டாம். கடிகாரத்தின் வேகத்தைப் பார்க்காமல், எவ்வளவு முயற்சியோடு ஓடுகிறீர்கள் என்பதைப் பார்த்தே அந்த மாதங்களில் ஓட வேண்டும்.

உடல் வெப்பத்துக்குப் பழகப் பத்து முதல் பதினான்கு நாட்கள் எடுக்கும். கனடாவிலிருந்தோ இலண்டனிலிருந்தோ விடுமுறைக்கு வரும் மச்சான், அங்கே நன்றாக ஓடுகிறவர் என்பதற்காக இறங்கிய இரண்டாம் நாளே அவரை நீண்ட ஓட்டத்துக்கு அழைத்துப் போகக் கூடாது.

உங்கள் வியர்வையின் அளவை ஒருமுறையாவது அளந்து பாருங்கள். ஓடுவதற்கு முன்னர் சிறுநீர் கழித்துவிட்டு, மிகக் குறைந்த உடையுடன் எடையைப் பாருங்கள். ஓடி வந்ததும் துவாயால் நன்றாகத் துடைத்துவிட்டு, அதே தராசில் மறுபடி பாருங்கள். ஒரு மணித்தியாலம் ஓடியதில் என் எடை ஒருமுறை 62.4 கிலோவிலிருந்து 61.3 கிலோவாகக் குறைந்தது. இடையில் 300 மில்லிலீற்றர் தண்ணீர் குடித்திருந்தேன். ஒரு கிலோ குறைவை ஒரு லீற்றராகக் கொண்டால், இழந்த மொத்த நீர் 1.4 லீற்றர். தொண்டை வறண்டபோது மட்டும் குடித்துக்கொண்டிருந்த எனக்கு, மதியத்தில் வரும் தலையிடிக்குக் காரணம் அன்றுதான் விளங்கியது.

இதற்கு எதிரான பிழையும் உண்டு. பயந்துபோய் வெறும் தண்ணீரை லீற்றர் கணக்கில் குடித்தால் இரத்தத்தில் சோடியம் ஆபத்தான அளவுக்குக் குறையலாம். ஓடி முடித்தபோது எடை கூடியிருந்தால் நீங்கள் அளவுக்கு மீறிக் குடித்திருக்கிறீர்கள்.

படி 3: ஓய்வை வாரத்தின் தொடக்கத்திலேயே எழுதி வையுங்கள்

களைத்த பின்னர் ஓய்வெடுப்பது என்று வைத்துக்கொண்டால் ஓய்வு எப்போதும் பிந்தித்தான் வரும். கடுமையான பயிற்சி வாரத்துக்கு இரண்டுக்கு மேல் வேண்டாம். அவை இரண்டும் அடுத்தடுத்த நாட்களில் வரவும் கூடாது. மொத்த ஓட்ட நேரத்தில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு மெதுவோட்டமாக இருக்க வேண்டும். மெதுவோட்டம் என்பது, பக்கத்தில் ஓடுபவரிடம் நேற்றைய கிரிக்கெட் ஆட்டத்தைப் பற்றி மூச்சு வாங்காமல் முழு வாக்கியமாகப் பேசக்கூடிய வேகம். பெரும்பாலானோர் இதைவிடச் சற்று வேகமாகவே ஓடுகிறார்கள், அதனால் மெதுவான நாளில் மீட்சியும் கிடைப்பதில்லை, வேகமான நாளில் வேகமும் வருவதில்லை.

என்னுடைய வாரம் இப்படி அமைந்திருக்கிறது. திங்கட்கிழமை விகாரமகாதேவிப் பூங்காவில் அரை மணித்தியால நடை மட்டும். செவ்வாய்க்கிழமை காலை சுதந்திர சதுக்கத்தில் வேகப் பயிற்சி, அன்று மாலையே வலுப் பயிற்சி. புதனும் வியாழனும் மெதுவோட்டம். வெள்ளிக்கிழமை கோயில், மரக்கறிச் சாப்பாடு, முழு ஓய்வு. சனிக்கிழமை அரை மணித்தியாலம் மெதுவாக, ஞாயிறு நீண்ட ஓட்டம். வலுப் பயிற்சியை வேகப் பயிற்சி நாளிலேயே வைப்பது பலருக்கு விசித்திரமாகத் தோன்றலாம். கடினமானவை ஒரே நாளில் முடிந்துவிட்டால், மெதுவான நாட்கள் உண்மையாகவே மெதுவாக இருக்கும் என்பதே அதன் கணக்கு.

ஓய்வு நாள் என்று எழுதிவிட்டு அன்றைக்கு நிகழ்வதையும் கவனிக்க வேண்டும். 100ஆம் இலக்க பஸ்ஸில் தெஹிவளையிலிருந்து கோட்டை வரை மேல்கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே போய், மாலையில் அதேபோலத் திரும்பி வந்தால் கெண்டைக்கால் அன்று ஓய்ந்ததாகச் சொல்ல முடியாது.

பாரத்தைக் கணக்கிட விலையுயர்ந்த கருவி தேவையில்லை, ஒரு கொப்பி போதும். சுவீடன் உளவியலாளர் குன்னர் போர்க் வகுத்த முயற்சி அளவுகோலைப் பின்பற்றி, ஓடி முடித்த அரை மணித்தியாலத்துக்குள் அன்றைய ஓட்டம் எவ்வளவு கடினமாக இருந்தது என்று பத்துக்கு ஒரு புள்ளி போடுங்கள். அதை ஓடிய நிமிடங்களால் பெருக்குங்கள். அறுபது நிமிட மெதுவோட்டத்துக்கு மூன்று புள்ளி என்றால் 180. அதே அறுபது நிமிடம் கொளுத்தும் வெயிலில் ஆறு புள்ளியாக இருந்தால் 360. நேரம் ஒன்றாக இருந்தும் உடல் பட்ட பாடு இரண்டு மடங்கு என்பதை இந்த எண் காட்டிவிடும். வாராந்தக் கூட்டுத்தொகை மெல்ல மெல்லவே ஏற வேண்டும். மூன்று வாரம் ஏறினால் நான்காவது வாரம் கால்வாசியைக் குறைத்துவிடுங்கள்.

படி 4: ஓடி முடித்த முதல் இரண்டு மணித்தியாலங்கள்

ஓட்டத்தை வாசலில் சட்டென்று நிறுத்தாமல் கடைசி ஐந்து முதல் பத்து நிமிடங்களை நடையாக மாற்றுங்கள். இதனால் மறுநாள் நோவு குறையும் என்று சொல்ல மாட்டேன். சட்டென்று நின்றதும் இரத்தம் கால்களில் தேங்கித் தலைசுற்றுவதை இது தடுக்கும். வீட்டுக்குள் வந்ததும் மின்விசிறியின் கீழ் அமர்ந்து, நனைந்த பனியனை மாற்றி, முகத்திலும் கழுத்திலும் கைகளிலும் தண்ணீர் விட்டு உடற்சூட்டைத் தணியுங்கள்.

இழந்த நீரின் ஒன்றேகால் முதல் ஒன்றரை மடங்கை அடுத்த சில மணித்தியாலங்களில் சிறிது சிறிதாகக் குடிக்க வேண்டும். நான் இழந்த 1.4 லீற்றருக்கு இரண்டு லீற்றர் அளவில் வரும். வீதியோரத் தம்பிலி இங்கே எல்லோருக்கும் பிடித்தது. அதில் பொட்டாசியம் நிறைய உண்டு, ஆனால் வியர்வையில் நாம் பெரிதும் இழக்கும் சோடியம் அதில் குறைவு. ஆகவே தம்பிலியைக் குடித்துவிட்டு உப்புள்ள உணவு ஏதாவது சாப்பிடுவதே முறை. நீண்ட ஓட்டத்துக்குப் பின்னர் உடையில் வெள்ளை உப்புக் கோடுகள் படியுமளவுக்கு வியர்ப்பவர்களுக்கு, பாமசியில் கிடைக்கும் ஜீவனி என்ற உப்பு, சர்க்கரைத் தூள் பக்கற்றை அதில் குறித்த அளவுத் தண்ணீரில் கரைத்துக் குடிப்பது நல்லது. அளவைக் குறைத்துக் கெட்டியாகக் கரைக்கக் கூடாது.

அடுத்து உணவு. மறுநாளும் ஓடப்போகிறீர்கள் என்றால் முதல் மணித்தியாலத்திலேயே உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறக்குறைய ஒரு கிராம் மாச்சத்தும், 20 முதல் 30 கிராம் புரதமும் எடுப்பது மீட்சியை விரைவாக்கும். அடுத்த ஓட்டத்துக்கு இரண்டு நாள் இருந்தால் இந்த அவசரம் தேவையில்லை, அன்றைய மொத்த உணவு சரியாக இருந்தாலே போதும். நம் வீட்டுக் காலை உணவை எடுத்துப் பார்ப்போம். பத்து இடியப்பம், சொதி, தேங்காய்ச் சம்பல். மாச்சத்து தாராளமாக இருக்கிறது, உப்பும் இருக்கிறது, புரதம்தான் மிகக் குறைவு. இதோடு இரண்டு அவித்த முட்டை சேர்த்தால் 12 கிராம் புரதம் கூடும். ஒரு கிண்ணம் கெட்டிப் பருப்புக் கறியும் சேர்ந்தால் 20 கிராமைத் தாண்டும். முட்டை சாப்பிடாதவர்கள் பருப்போடு அவித்த கடலையோ பயறோ, தயிரோ, சோயா மீட் கறியோ சேர்க்கலாம். இலைக்கஞ்சியோ குரக்கன் கஞ்சியோ மட்டும் குடித்துவிட்டு வேலைக்கு ஓடுவது உடம்புக்கு நல்லது என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக ஊறியிருக்கிறது. அது நல்ல தொடக்கம்தான், ஆனால் நீண்ட ஓட்டத்துக்குப் பின்னர் அது மட்டும் போதாது.

படி 5: நாள் முழுவதுக்குமான சாப்பாடு

ஒரு நாளில் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் பயிற்சி செய்பவருக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 5 முதல் 7 கிராம் மாச்சத்து வேண்டும். 60 கிலோ உள்ளவருக்கு அது 300 கிராமுக்குக் குறையாது. எடை குறைக்க ஓடுபவர்கள் சோற்றை அடியோடு நிறுத்திவிட்டு, கால் கனக்கிறது என்று முறையிடுவதை நான் அடிக்கடி கேட்கிறேன். புரதம் கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம் என்ற அளவில், மூன்று நான்கு வேளைகளாகப் பிரித்து எடுக்கப்பட வேண்டும். இரவுச் சாப்பாட்டில் மட்டும் மீனையும் இறைச்சியையும் குவிப்பதால் பயன் குறைவு.

இரும்புச்சத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், முக்கியமாகப் பெண்களுக்கும் மரக்கறி மட்டும் உண்பவர்களுக்கும். எத்தனை நாள் ஓய்வெடுத்தாலும் தீராத களைப்பும், மெதுவோட்டத்திலேயே மூச்சு வாங்குவதும் இரும்புச்சத்துக் குறைபாடாக இருக்கலாம். இதற்கான இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபினுடன், உடலில் சேமிப்பாக உள்ள இரும்பைக் காட்டும் பெரிட்டினையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள், ஏனெனில் முதலாவது சரியாக இருக்கும்போதே இரண்டாவது குறைந்திருக்கக்கூடும். சாப்பிட்ட கையோடு பிளேன்டீ குடிக்கும் நம் வழக்கம், தாவர உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதைத் தடுக்கிறது. தேநீரை ஒரு மணித்தியாலம் தள்ளிப் போடுங்கள். தேசிக்காய் பிழிந்த வல்லாரைச் சம்பலைச் சோற்றோடு சேர்த்துக்கொள்ளுங்கள். மாதவிடாய் ஒழுங்கு தவறினாலோ நின்றாலோ, கடும் பயிற்சியில் அது இயல்பு என்று விட்டுவிடக் கூடாது. ஓட்டத்துக்கு ஏற்ற அளவு சாப்பிடாததன் அடையாளமாக அது இருக்கலாம். நாளடைவில் எலும்பும் பலவீனமாகும்.

விரத நாட்களில் ஓடலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான்: ஒருபொழுது இருக்கும் வெள்ளிக்கிழமையை ஓய்வு நாளாக்கிவிடுங்கள். கந்தசஷ்டி போன்று ஆறு நாள் தொடரும் விரதத்தில், ஓட்டத்தை நடையாக மாற்றி, அந்த வாரத்தையே பாரம் குறைக்கும் நான்காவது வாரமாக அமைத்துக்கொள்ளுங்கள். பாறணை முடிந்த மறுநாளே நீண்ட ஓட்டத்துக்குப் போக வேண்டாம்.

படி 6: நித்திரை

மீட்சிக்கு உதவும் எல்லாவற்றையும் விற்கிறார்கள், நித்திரையைத் தவிர. ஏழு முதல் ஒன்பது மணித்தியாலம் வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே; கொழும்பில் அதற்கு இடைஞ்சலாக இருப்பது காலை நான்கரை மணி அலாரமே. வெயிலுக்கு முந்தி ஓட வேண்டுமென்றால் இரவு ஒன்பதரைக்குள் விளக்கு அணைய வேண்டும். கடை, ஹோட்டல் வேலைகளில் இரவு பத்து மணிவரை நிற்பவர்களுக்கு இது நடக்காத காரியம். அவர்கள் அதிகாலையை விட்டுவிட்டு, வெயில் சாய்ந்த பின்னர் கிடைக்கும் நேரத்தில் ஓடுவதே மேல். ஆறு மணித்தியாலத்துக்குக் குறைவாகத் தூங்கிய மறுநாள் வேகப் பயிற்சி இருந்தால் அதை மெதுவோட்டமாக மாற்றுங்கள். மாலை நான்கு மணிக்குப் பின்னர் கடுந்தேநீரும் கோப்பியும் வேண்டாம். கஃபீனின் பாதி உடலிலிருந்து நீங்கவே ஏறக்குறைய ஐந்து மணித்தியாலம் ஆகும்.

படி 7: நோவுள்ள நாட்களில் செய்வதும் விடுவதும்

பரவலான தசை நோவு உள்ள நாளில் முற்றாகப் படுத்திருப்பதைவிட இருபது முப்பது நிமிடம் நடப்பதும், மெதுவாகச் சைக்கிள் மிதிப்பதும் இதமாக இருக்கும். நோவு விரைவாகக் குணமாகும் என்பதற்காக இல்லாவிட்டாலும், விறைப்பு விடும்.

தசைகளை இழுத்து நீட்டும் பயிற்சி, ஓடுவதற்கு முன்னர் செய்தாலும் பின்னர் செய்தாலும் மறுநாள் நோவைக் குறிப்பிடத்தக்க அளவில் குறைப்பதில்லை. பிடித்தால் செய்யுங்கள், நோகும் எல்லைக்கு இழுக்காதீர்கள். உருளையில் தசையை உருட்டுவதும், இறுக்கமான நீண்ட காலுறை அணிவதும் சிறிதளவு இதம் தரும். பனிக்கட்டிக் குளியல் பற்றிக் கேட்கிறார்கள். ஆய்வுகளில் பயன்பட்ட நீர் 10 முதல் 15 பாகை வரை குளிர்ந்தது; கொழும்புக் குழாய்நீரும் வெள்ளவத்தைக் கடல்நீரும் அதற்குப் பக்கத்திலும் வராது. கடலில் கால் நனைத்தால் மனத்துக்குச் சுகம், அவ்வளவுதான். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் அந்தச் சுகத்துக்காகக் கடலில் இறங்கவும் கூடாது. வலுக் கூட்டும் பயிற்சிக்குப் பின்னர் தொடர்ந்து குளிர்நீரில் அமர்வது தசை வளர்ச்சியைச் சற்று மந்தப்படுத்தும் என்பதையும் கருத வேண்டும்.

சித்தாலேப போன்ற தைலங்கள் தோலில் ஒரு சூட்டையும் குளிர்ச்சியையும் உணரவைத்து நோவை மறக்கச் செய்கின்றன. கிழிந்த இழையை அவை தைப்பதில்லை. நல்லெண்ணெய் தேய்த்து மெதுவாகப் பிடித்துவிடுவது நோவைக் குறைக்கும். சனிக்கிழமை எண்ணெய் முழுக்கை நான் விடாமல் செய்வதற்குக் காரணம் எண்ணெயின் மகிமை மட்டும் இல்லை: அன்று ஒரு மணித்தியாலம் சும்மா உட்கார வேண்டியிருக்கிறது, சாப்பிட்டதும் கண்ணைச் சுழற்றுகிறது. ஞாயிறு நீண்ட ஓட்டத்துக்கு இதைவிட நல்ல முன்னேற்பாடு எனக்குத் தெரியாது. ஆனால் திடீரென்று சுருக்கென்று பிடித்து, வீங்கிய இடத்தை யாரையும் அழுத்தித் தேய்க்க விடாதீர்கள்.

இபுப்ரோபென், டைக்ளோபெனாக் போன்ற வலிநீக்கி மாத்திரைகளை ஓடுவதற்கு முன்னர் போட்டுக்கொள்ளும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. நீரிழப்பும் வெப்பமும் சேர்ந்த நிலையில் இவை சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும், இரைப்பையையும் புண்ணாக்கும். மாத்திரை இல்லாமல் ஓட முடியாத நாள், ஓடக்கூடாத நாள்.

படி 8: ஒவ்வொரு நாள் காலையிலும் மூன்று கேள்விகள்

கட்டிலைவிட்டு எழுவதற்கு முன்னர் மணிக்கட்டில் விரல் வைத்து அரை நிமிடம் நாடியை எண்ணி இரண்டால் பெருக்குங்கள். இரண்டு வாரம் எழுதி வந்தால் உங்கள் வழக்கமான எண் தெரிந்துவிடும். அதைவிட ஏழெட்டுத் துடிப்புகள் கூடியிருக்கிறதா என்பது முதற் கேள்வி. நேற்றிரவு நித்திரை எப்படி என்பது இரண்டாவது. படியிறங்கும்போது நோவு பத்துக்கு எத்தனை என்பது மூன்றாவது. மூன்றும் சரியென்றால் திட்டப்படி ஓடுங்கள். ஒன்று பிழைத்தால் மெதுவோட்டம். இரண்டு பிழைத்தால் நடை மட்டும். மூன்றும் பிழைத்தால் சப்பாத்தைத் தொடாதீர்கள், காய்ச்சல்மானியை எடுத்துப் பாருங்கள்.

நோவு மூன்றுக்குள் இருந்து, ஓட ஓடக் கூடாமல், மறுநாள் காலை பழைய நிலைக்கு வந்துவிட்டால் ஓடலாம். ஓடும்போது கூடிக்கொண்டே போனாலும், நீங்கள் ஓடும் விதத்தையே மாற்றி நொண்ட வைத்தாலும் அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு முச்சக்கர வண்டியில் வீடு திரும்புங்கள். அதற்காகவே நான் சப்பாத்துக்குள் மடித்த ஐந்நூறு ரூபாய்த் தாள் ஒன்றை வைத்திருக்கிறேன். அது வியர்வையில் நனைந்து, பலமுறை மாற்றப்பட்டுவிட்டது.

படி 9: களைப்பைத் தாங்கும் தசையைக் கட்டுங்கள்

வாரத்தில் ஒன்றிரண்டு தடவை, அரை மணித்தியாலம் போதும். படியின் விளிம்பில் முன்பாதத்தை வைத்து, குதியை இரண்டு எண்ணிக்கையில் உயர்த்தி நான்கு எண்ணிக்கையில் மெதுவாகத் தாழ்த்துங்கள். முழங்காலை நேராக வைத்து ஒரு சுற்று, சற்று மடித்து மறு சுற்று. பின்னர் கதிரையில் அமர்ந்து எழுவது போன்ற குந்தல், ஒற்றைக் காலில் படியிறங்குதல், மல்லாந்து படுத்து இடுப்பை உயர்த்துதல். தட்டையான நகரத்தில் ஓடும் நமக்கு, மெதுவாகத் தாழ்த்தும் அந்த நான்கு எண்ணிக்கையே மலைச்சரிவின் வேலையைச் செய்கிறது.

சப்பாத்தைப் பொதுவாக 500 முதல் 800 கிலோமீற்றர் ஓடியதும் மாற்றுகிறார்கள். மழைக்காலத்தில் இரண்டு சோடி இருந்தால் நல்லது. நனைந்ததன் உள்ளே பழைய பத்திரிகைத் தாளைத் திணித்து நிழலில் காயவையுங்கள்.

படி 10: களைப்பு இல்லாதவற்றை அடையாளம் காணுங்கள்

முழங்காலுக்குக் கீழுள்ள கால் முன்னெலும்பில், ஒரே புள்ளியில் குத்தி, இரவில் படுத்திருக்கும்போதும் விடாத நோவு, எலும்பில் ஏற்பட்ட மெல்லிய வெடிப்பாக இருக்கலாம். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாகிச் சிவந்தால் நாளத்தில் இரத்தம் உறைந்திருக்கக்கூடும். கடும் ஓட்டத்துக்குப் பின்னர் தசைகள் தாங்க முடியாமல் நொந்து, சிறுநீர் பிளேன்டீ நிறத்தில் போனால், சிதைந்த தசையின் புரதம் சிறுநீரகத்தைப் பாதித்துக்கொண்டிருக்கக்கூடும். விடியும்வரை காத்திருக்காமல் வைத்தியசாலைக்குப் போங்கள். நெஞ்சு நோவும் மயக்கமும் அப்படியே. ஓடும்போது ஒருவர் தடுமாறி, பேச்சுக் குழறி, நிலைகுலைந்தால் அது வெப்பத் தாக்கு: நிழலில் கிடத்தி, உடலெங்கும் தண்ணீர் ஊற்றி விசிறிக் குளிரவைத்துக்கொண்டே 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். வண்டி வரட்டும் என்று குளிரவைப்பதைத் தாமதிக்கக் கூடாது.

கொழும்பில் எல்லாவற்றிலும் எளிதில் ஏமாற்றுவது காய்ச்சல். டெங்குவும் உடம்பு நோவோடுதான் தொடங்குகிறது. எலிக்காய்ச்சல் கெண்டைக்கால் தசைகளையே குறிப்பாக நோகவைக்கும். வெள்ளம் தேங்கிய வீதியில், காலில் சிறு காயத்தோடு ஓடியவர்கள் அதை மறக்கக் கூடாது. ஒரு ஜூன் மாதம், நீண்ட ஓட்டத்துக்கு மறுநாள் தொடையும் நாரியும் நொந்தபோது வழமையான நோவு என்று நினைத்து வேலைக்குப் போனேன். மாலையில் உடம்பு சுட்டது. மேசை லாச்சியில் கிடந்த இபுப்ரோபென்னை எடுத்தபோது அக்கா கையைப் பிடித்துத் தடுத்து, பரசிற்றமோலைத் தந்தார். இரத்தப் பரிசோதனையில் டெங்கு என்று தெரிந்தது. டெங்குவில் இபுப்ரோபென், டைக்ளோபெனாக், அஸ்பிரின் ஆகியவை இரத்தப்போக்கு அபாயத்தைக் கூட்டும் என்பதை அன்றுவரை நான் ஏட்டில் மட்டுமே அறிந்திருந்தேன். காய்ச்சலோடு வரும் தசை நோவுக்குப் பரசிற்றமோலைத் தவிர வேறெதையும் தாமாக எடுக்காமல், வைத்தியரைக் கண்டு, அவர் சொல்லும் நாட்களில் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். காய்ச்சல் விட்டுவிட்டது என்று எழுந்து நடமாடும் அந்த ஓரிரு நாட்களே டெங்குவில் ஆபத்தானவை.

அதன் பிறகு வைத்தியர் அனுமதித்து, நான் மறுபடி தொடங்கியது பதினைந்து நிமிட நடையில். இரண்டாவது வாரம் ஒரு நிமிட ஓட்டமும் இரண்டு நிமிட நடையுமாக மாறி மாறி. காலை நாடி வழக்கத்துக்குத் திரும்பிய பின்னரே, நான்காவது வாரத்தில், பழைய தூரத்தின் பாதி. கொப்பியில் அந்த மாதத்தின் வாராந்தக் கூட்டுத்தொகை எதுவும் 300-ஐத் தாண்டவில்லை.